பத்தாம் நம்பர் மலையின் பின்சுவர்

மாலை ஆறரை மணி இருக்கும். இரத்தினபுரி டவுனிலிருந்து பத்தாம் நம்பர் மலைக்கு ஏறுகிற பாதை. ஈ காக்காய் இல்லை. இரண்டு பக்கமும் உயரமான மதில்கள், மதில் உச்சியில் கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொரு கேட்டுக்கு உள்ளேயும் நாய் உண்டு... அன்று ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

அந்தப் பாதையில்தான் சாள்ஸ் வேலை முடிந்து தனியாக ஏறி வந்துகொண்டிருந்தார். சாள்ஸ் யார் என்று உங்களுக்குத் தெரியும், நம் சிறிலின் அக்கா புருஷன். சிறில் என்னிடம் சொன்னதை ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே சொல்கிறேன். விளக்கைச் சற்றுத் தணித்து வையுங்கள். சுதர்ஷினி, சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துக்கொள்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்று அங்கே பலகையில் ஏதோ 'கார்டன்ஸ்' என்று எழுதியிருக்கிறது. டாக்டர்களும் மாணிக்க வியாபாரிகளும் வீடு கட்டியிருக்கிற பகுதி. முன்பு அது ரப்பர் மலை. பால் வெட்டுகிறவர்களுக்கு அங்கே ஓர் இரட்டை லயம் இருந்தது. முதுகோடு முதுகு ஒட்டிய ஒற்றையறைக் காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம், நடுவில் ஒரே சுவர். ஒரு மழைக்காலத்தில் மலை சரிந்து லயத்தை மூடிவிட்டது. யாரும் தோண்டவில்லை. அதன் மேலேயே ரப்பர்க் கன்று நட்டார்கள். கன்று மரமாகி, மரத்தையும் வெட்டி, நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். வாங்க வருகிறவனிடம் இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

சாள்ஸிடம் ஒருவர் சொன்னார். சந்தியில் கடை வைத்திருக்கும் பவாஸ் நானா.

"தம்பி, ஒங்கட வீட்டுக்குப் பின்னால ஒரு லயம் ஈந்திச்சி. ஆள்களோட மண் மூடிட்டு. எடுக்கவே இல்ல."

அதற்குள் கட்டாரில் லொறி ஓட்டிச் சேர்த்ததெல்லாம் அந்த வீட்டில் போயிருந்தது. தோட்டத்துக் காம்பராவையும் வேறு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. கைக்குழந்தை வேறு. திரும்பிப் போக இடமில்லை... சாள்ஸ் மனைவி சர்மிளாவிடம் மூச்சு விடவில்லை. பின்பக்கம் போக வழியில்லாதபடி மதில் மறைத்திருந்தது. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்டபோது, "நல்ல குடும்பம்" என்று ஒரு பொய் சொல்லிவைத்தார்.

அந்தப் பகுதியில் சர்மிளாவோடு ஒருவரும் பேசவில்லை. பிள்ளைத் துணியை முன்வேலியில் காயப்போட்ட அன்று மட்டும் எதிர்வீட்டு பிரேமலதா டீச்சர் கேட்டுக்கு வந்தார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனால் அதை யாரும் அங்கே சொல்லக்கூடாது.

"இத என்ன லயம்னு நெனச்சீங்களா? இது ரெசிடென்ஷியல் ஏரியா. துணியெல்லாம் உள்ள போடுங்க."

குடிவந்த நாள் முதல் அவள் காதில் விழுந்த அக்கம்பக்கத்துப் பேச்சு அவ்வளவுதான்.

சரி, அந்த மாலைக்கு வருகிறேன். சாள்ஸ் வீட்டை நெருங்க நெருங்க ஒரு நாற்றம்... ஒட்டுப்பால் அழுகுகிற நாற்றம். நமக்குப் பழகியதுதான். ஆனால் அந்தப் பகுதியில் பேருக்கு ஒரு ரப்பர் மரம் கிடையாது.

உள்ளே போனால் சர்மிளாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"பின்வீட்டுக்காரங்க நம்ம ஆளுங்க போலங்க! குசினிச் செவுத்தத் தட்டினாங்க. நானும் தட்டினேன்."

உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. லயத்தில் பின் காம்பராக்காரர் சுவரைத் தட்டினால், 'வரலாமா' என்று அர்த்தம். திருப்பித் தட்டினால், 'வாங்க'. மதிலுக்குள் வளர்ந்தவர்கள் யாரும் அதைத் திருப்பித் தட்டியிருக்கமாட்டார்கள். நம் சர்மிளா தட்டிவிட்டாள்.

சாள்ஸ் குசினிக்குப் போய் நின்றார். சுவருக்கு அப்பால் வெட்டிய மண்மேடு, கூரை உயரத்துக்கு. வேறொன்றும் இல்லை.

டொக்... டொக்.

அடுப்புக்குப் பக்கத்தில். பிறகு படுக்கையறைச் சுவரில். பிறகு ஹோலில்... வரிசையாக, காம்பரா காம்பராவாக. ஒன்று மட்டும் முழங்கால் உயரத்தில், மெதுவாக. சின்னக் கை.

சுவரில் ஈரம் ஊறியது. வெளியே மழை இல்லை.

"முன்கதவத் தொறந்துதாங்க வச்சிருக்கேன்," என்றாள் சர்மிளா. குரல் இறங்கியிருந்தது. "வர்றவங்களுக்கு..."

பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். எதிர்வீட்டுக் கேட்டை உலுக்கினார்கள். "டீச்சர்! டீச்சர்!" ஜன்னல் திரை அசைந்தது. லைட் அணைந்தது. அடுத்த வீட்டிலும் அணைந்தது. அதற்கடுத்த வீட்டிலும்... சந்திவரை. பவாஸ் நானாதான் கடைப் பலகையை விலக்கி உள்ளே விட்டார்.

மறுநாள் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே யட்டியாந்தோட்டைக்கு வந்தவர்கள்தான். சொந்த வீட்டை விட்டுவிட்டு ஏன் நம் மேல் லயத்தில், சிறிலின் காம்பராவில் நெருக்கிக்கொண்டு கிடக்கிறார்கள் என்று நீங்கள் பேசிக்கொள்கிறீர்களே... இதுதான் காரணம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும் என்று இருந்தார்கள்.

நேற்று சாள்ஸின் போன் அடித்தது. பிரேமலதா டீச்சர்.

"சாள்ஸ், வீட்டுல யாரக் கொண்டாந்து வச்சிருந்தீங்க? எத்தன பேர்! ஒடம்பெல்லாம் மண்ணு. புள்ளைங்க எங்க மதில்ல, அந்தக் கண்ணாடிச் சில்லுமேலயே உக்காந்து உள்ள பாத்துக்கிட்டிருந்துச்சுங்க."

"டீச்சர், வீடு பூட்டித்தானே கெடக்கு."

"பொய் சொல்லாதீங்க. உங்க சொந்தக்காரங்கதானே? நானே போய்க் கேட்டேன். உங்க வைஃப்தான் வரச் சொன்னாங்களாம். வந்து பாத்தா அவங்களையும் காணோமாம், புள்ளையையும் காணோமாம்."

சாள்ஸ் எட்டிப் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"இப்பப் பரவால்ல," என்றார் டீச்சர், நிம்மதியாக. "பவாஸ் கடையில விசாரிச்சு, நீங்க இருக்கிற எடத்தச் சொல்லிட்டேன். விடிய முன்னாலேயே எல்லாரும் கெளம்பிட்டாங்க. நடந்தே."