கம்பியை இழுத்த பிறகும் ஓடிய லாரி

பெயர் மெஹபூப் பாஷா, தகப்பனார் ஷேக் தாவூத், வயது 38, தொழில் டர்போவும் டீசல் பம்பும் பழுது பார்ப்பது, இருப்பிடம் தர்மபுரி மாவட்டம், ஓசூர், பாகலூர் சாலை, பழைய டயர் கடைக்குப் பின்புறம். 1996-ஆம் வருடம் செப்டம்பர் மாதம் 4-ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு, யாரும் கூப்பிடாமல் நானாகவே நிலையத்துக்கு வந்து ஆய்வாளர் அவர்களிடம் சொன்னது.

கோவிந்தப்பன் என்பவருக்குச் சொந்தமான லாரியை ஓட்டி வந்த முனிவேல், ஆகஸ்ட் 17-ஆம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு, ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிக்கொண்டு ஓசூர் வரும் வழியில், உத்தனப்பள்ளிக்கு முந்திய இறக்கத்தில், பஸ்ஸுக்காக நின்றிருந்த மங்கம்மா என்பவர் மேல் மோதி, பிறகு பாறையில் இடித்ததில், இரண்டு பேரும் அங்கேயே இறந்துபோனார்கள். முனிவேல் அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியதால் நடந்தது என்று வழக்கில் எழுதியிருப்பதாகத் தெரிந்துகொண்டேன். அது உண்மை இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் பெங்களூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் நாலு வருடம் ரேஸ் கார்களுக்கு டர்போ வேலை செய்தேன், அதன் பிறகு ஓசூரில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் இந்த டர்போ வைத்த லாரிகள் நம் பக்கம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பதால், சத்தம் வந்தால் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். வண்டியைத் திறக்காமலே காதால் கேட்டுச் சொல்லிவிடுவேன் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. அந்தப் பெயரில் எனக்கு ரொம்பத் திமிரும் உண்டு.

ஆகஸ்ட் 9-ஆம் தேதி மதியம் முனிவேல் லாரியை என் பட்டறை வாசலில் நிறுத்தினார். அவர் மத்திகிரியில் வாடகை வீட்டில் இருப்பவர், எனக்கு ஆறு வருடப் பழக்கம். அப்போது நான் ஒரு காருக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். அவர் என்ஜினை அணைக்காமல் இறங்கி வந்து, "பாயி, வண்டி பொறா றெக்க அடிக்கிற மாதிரி பொறுபொறுன்னுது, செத்த கேளுங்களேன்" என்றார். அதன் பிறகு ஏறி ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து விட்டார். சத்தம் கேட்டது. நான் காருக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

"அது வால்வுப்பா, ஸ்பிரிங் லூசு, அதான் படபடக்குது. ஒன்னும் ஆவாது, ஓட்டு" என்றேன்.

"நெசமாவா பாயி?" என்று கேட்டார். "என் காதுமேல நம்பிக்க இல்லியா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

அய்யா கேட்டதால் விவரமாகச் சொல்கிறேன். நான் வேலை பழகிய பெட்ரோல் கார்களில், காற்று போகும் வழியில் ஒரு தகடு இருக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது மூடிக்கொள்ளும். டர்போ தள்ளிய காற்று மூடிய தகட்டில் முட்டி நிற்கும், அதை வெளியே விட ஒரு வால்வு வைத்திருப்பார்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த வால்வு படபடக்கும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. இன்னொரு சத்தம் உண்டு. டர்போ தள்ளும் காற்றுக்கு முன்னால் போக வழி இல்லாவிட்டால், அது வந்த வழியே டர்போவின் இறக்கைகளுக்குள் திரும்பி அடிக்கும். அதுவும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் கேட்கும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருக்கும் தண்டு முன்னும் பின்னும் ஆடி, பேரிங் தேய்ந்துகொண்டே போகும். வால்வு என்றால் காலை எடுக்கும்போது மட்டும்தான் வரும். காற்று திரும்பி அடிப்பது மேட்டில் காலை அழுத்தி இழுக்கும்போதும் வரும். ஆகவே கேட்க வேண்டியது ஒரே கேள்வி, "மேட்ல மிதிக்கிறப்பவும் வருதா?" என்று. நான் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த டீசல் லாரியில் அப்படி ஒரு வால்வே கிடையாது. இது எனக்குத் தெரியாததில்லை. நாலு வருடம் கார்களில் கேட்டுக் கேட்டு, சத்தம் வந்ததும் வாய் அதையே சொல்லிவிட்டது. எழுந்து பத்தடி நடந்து போய்ப் பார்த்திருந்தால் இல்லாத வால்வைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அதன் பிறகு எட்டாம் நாள் விபத்து நடந்தது. நான் சாவுக்குப் போனேன், வேகமாக வந்தான் என்று அங்கே எல்லாரும் பேசிக்கொண்டார்கள், நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதன் பிறகு 27-ஆம் தேதி, லாரியை விடுவித்ததும், கோவிந்தப்பன் ஆள் மூலமாக அதே டர்போவையும் அதிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸையும் ஒரு சாக்கில் போட்டுச் சரிசெய்ய என்னிடமே அனுப்பினார். பிரித்துப் பார்த்தேன். ஹோஸின் உள்தோல் உரிந்து நாக்கு மாதிரி தொங்கி முக்கால்வாசி வழியை அடைத்திருந்தது. டர்போ தண்டைக் கையால் ஆட்டினாலே ஆடியது, பேரிங் போய்விட்டிருந்தது, இறக்கைகள் கூட்டில் உரசித் தேய்ந்திருந்தன. பேரிங்குக்கு வரும் எண்ணெய் கசிந்து என்ஜினுக்குக் காற்று போகும் பக்கம் முழுக்கப் பரவியிருந்தது.

எண்ணெய் அந்த வழியாகப் போனால் டீசல் என்ஜின் அதையே குடித்து ஓடும். காலை எடுத்தாலும் ஓடும். என்ஜினை நிறுத்துகிற ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் ஓடும், ஏனென்றால் கம்பி டீசலைத்தான் நிறுத்தும், எண்ணெயை நிறுத்தாது.

அதன் பிறகு உத்தனப்பள்ளி போய், அங்கே டீக்கடை வைத்திருக்கும் சென்றாயனிடம் விசாரித்தேன். லாரி வரும்போது ரோடு மறைகிற அளவுக்கு நீலப் புகை என்றும், முனிவேல் இறக்கத்தின் மேலேயிருந்தே ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை என்றும், உடம்பை வெளியே எடுத்தபோது ஸ்டாப் கம்பியின் குமிழ் பிடுங்கிக்கொண்டு அவர் கையிலேயே இருந்தது என்றும் சொன்னார். வேகமாகப் போக நினைக்கிற டிரைவர் அந்தக் கம்பியைத் தொடமாட்டார். லோடோடு இறக்கத்தில் என்ஜின் முழு வேகத்தில் தள்ளும்போது பிரேக் மட்டும் பிடித்து நிறுத்தாது. கியரை எடுத்து நியூட்ரல் போட்டிருக்கலாமே என்று அய்யா கேட்டீர்கள். போட்டிருக்கலாம். என்ஜின் தன் பேச்சைக் கேட்காது என்று அந்த இறக்கத்தில் புரிந்துகொள்ள அவருக்கு எத்தனை வினாடி கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. பிரித்துப் பார்க்கும்வரை எனக்கே புரியவில்லை.

இது தெரிந்த பிறகும் ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பட்டறை போய்விடுமே என்று பயந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று காலை முனிவேல் மனைவி சென்னம்மா பட்டறைக்கு வந்தார். மங்கம்மா வீட்டார் வந்து வாசலில் மண்ணைத் தூற்றிவிட்டுப் போனதாகவும், காரியத்துக்குச் சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை என்றும் சொன்னார். அதன் பிறகு, "நீங்க வண்டி தெரிஞ்சவரு பாயி. அவுரு வேகமாதான் வந்தாரா? நீங்க சொன்னா நான் நம்பிக்கிறேன்" என்றார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளம்ப எழுந்தபோது, "மேடு ஏறுறப்ப வண்டி மூச்சு முட்டுதுன்னு தெனமும் பொலம்புவாரு. உங்களாண்ட வந்துட்டுப் போன அன்னிக்குதான், பாயே ஒன்னுமில்லன்னு சொல்லிட்டாருன்னு, நிம்மதியா தூங்குனாரு" என்றார்.

டர்போவையும் ஹோஸையும் அதே சாக்கில் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டேன். வேறு மெக்கானிக்கை வைத்தும் பார்க்கலாம்.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. கவனக்குறைவு என்ற சொல்லை முனிவேல் பெயருக்குப் பக்கத்திலிருந்து எடுத்து என் பெயருக்குப் பக்கத்தில் போடச் சொன்னேன். சாட்சி வாக்குமூலத்தில் அப்படிப் போட வழியில்லை என்றார்கள். ஆகவே கீழே உள்ள ஒரு வரியை மட்டும் நானே என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

கவனக்குறைவாக இருந்தவன் நான்.

(ஒப்பம்) மெஹபூப் பாஷா