என் நண்பருக்கு ஒரு சந்தேகம்

காலையிலிருந்து ஒரே நாற்காலியில் அசையாமல் அமர்ந்து அத்தனை பேச்சையும் பொறுத்தருளிக்கொண்டிருக்கும் தலைவர், நம் துணைவேந்தர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் பேசவேண்டியதையும் சேர்த்தே பேசி முடித்துவிட்ட சான்றோர்களே! முன்வரிசையில் கண்விழித்திருக்கும் மூத்த பேராசிரியப் பெருமக்களே! பின்வரிசையில் கண்மூடியிருக்கும் இளைய பேராசிரியப் பெருமக்களே! இடுப்பில் ஒரு குழந்தையும் எதிரில் ஒரு மடிக்கணினியுமாகச் சமையலறையில் நின்று வகுப்பெடுத்த தாய்மார்களே! இந்த அரங்கத்தைப் பூட்டிவிட்டு எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கதவோரம் காத்திருக்கும் ஊழியத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் ஒரு களைத்த பெண்ணின் கனிந்த வணக்கம்.

கற்பித்தல் தொழில்நுட்ப உதவி மையத்தின் பொறுப்பாளர் என்று அழைப்பிதழில் என்னை அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் வாயில் எனக்குப் பெயர் 'ஒயர் மேடம்'. சிரிக்காதீர்கள், எனக்குத் தெரியும். தோளில் ஒயரைச் சுற்றிக்கொண்டு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கியவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பீர்கள்?

இன்று நமக்கு வெற்றி விழா. நம் ஆசிரியர்கள் அனைவரும் தொழில்நுட்பத்தைக் கற்றுத் தேர்ந்துவிட்டார்கள் என்று சற்றுமுன் அறிவித்தார்கள். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். எல்லோரும் கற்றுவிட்டதால் என் மையம் இன்றோடு மூடப்படுகிறது. நாளையிலிருந்து யாருக்காவது உதவி வேண்டுமென்றால் ஓர் இணையதளத்தில் பெயரையும் துறையையும் பதிந்து கேட்கவேண்டும். யார் என்ன கேட்டார், பதில் கிடைத்ததா என்பதெல்லாம் அலுவலக முகப்பில் ஒரு பெரிய திரையில் ஓடிக்கொண்டே இருக்குமாம். வெளிப்படைத்தன்மையாம். அதைப் பற்றித்தான் பேச வந்தேன். மின்விசிறிக்கு அடியில் அமர்ந்திருப்பவர்கள் சற்றே பொறுங்கள், மற்றவர்களை வேண்டிக்கேட்க எனக்குத் துணிவில்லை.

அன்பர்களே! கருவிகள் வந்தன, கற்பித்தல் வந்ததா? திரைகள் வந்தன, திறமை வந்ததா? பலகைகள் வந்தன, அந்தப் பலகைகளின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையாவது கிழிந்ததா? ஒரு துறையில் அந்த விலையுயர்ந்த தொடுதிரையின் மேல் விடுமுறை அறிவிப்பைப் பசைபோட்டு ஒட்டியிருந்தார்கள். "ஏன் சார் இப்படி?" என்றேன். "இதுலதான் மேடம் எல்லாரும் பாக்குறாங்க" என்றார் துறைத்தலைவர். ரிமோட்டின் பேட்டரி பீரோவில், பீரோவின் சாவி உதவியாளரிடம், உதவியாளர் விடுப்பில். இந்த மூன்றையும் ஒரே நாளில் ஒன்றுசேர்க்க எந்தக் கணினியாலும் முடியவில்லை.

பயிற்சி நடத்தவில்லையா? நடத்தினேன். நடத்தி நடத்தி நாக்கு வறண்டது. வருவீர்கள், அமர்வீர்கள், தலையாட்டுவீர்கள். "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது" என்பீர்கள். தேநீர் வரும், பிஸ்கட் வரும், சான்றிதழ் வரும், வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வோம். மறுநாள் அதே வகுப்பறை, அதே சுண்ணக்கட்டி. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு சலிப்பு வந்தது. அதன் பிறகுதான் புத்தி வந்தது.

என்ன புத்தி? சொல்கிறேன். கற்றுக்கொடுப்பதே தொழிலாகக் கொண்டவருக்கு, "எனக்குத் தெரியாது" என்ற இரண்டு சொல்தான் உலகத்திலேயே கடினமான பாடம். பக்கத்தில் தன்னிடம் படித்த மாணவரே சக ஆசிரியராக உட்கார்ந்திருக்க, எப்படிக் கையைத் தூக்குவார்? எப்படிக் கேட்பார்? எந்த முகத்தோடு கேட்பார்?

ஆனால் கேட்டீர்கள். பயிற்சி அறையில் கேட்கவில்லை, படிக்கட்டில் கேட்டீர்கள். தண்ணீர்க் குழாயடியில் கேட்டீர்கள். என் அறைக்கு வந்து, கதவைப் பாதி சாத்திவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, என்ன சொன்னீர்கள்? "மேடம், என் நண்பருக்கு ஒரு சந்தேகம்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், இது உங்கள் கதைதான். ஒருவருக்கு நண்பர். ஒருவருக்கு மச்சான். ஒருவருக்குத் தம்பி பெண்டாட்டி. "எங்க எதிர்வீட்டு அக்கா கேக்கச் சொன்னாங்க, வீடியோவை எப்படி ஏத்துறதுன்னு" என்றார் ஓர் அம்மையார். எதிர்வீட்டு அக்கா எதற்காக வெப்ப இயக்கவியலை வீடியோ எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் அதிகம் சொல்லிக்கொடுத்தது யாருக்கு? யாருமே பார்த்திராத அந்த நண்பருக்கு! அவரைப்போல் ஒன்றும் தெரியாதவரும் இல்லை, அவரைப்போல் ஆர்வமாகக் கற்றுக்கொண்டவரும் இல்லை. மேடையில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் அமர்ந்திருக்கிறார். அவருடைய நண்பருக்கும் ஒருமுறை சந்தேகம் வந்ததுண்டு. அதற்குமேல் சொல்லமாட்டேன்.

இனி ஒரு சம்பவம். துறையைச் சொல்லாமல் சொல்வதென்று சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

ஒரு பேராசிரியர் வந்தார். வழக்கம்போல் கதவைச் சாத்தினார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை, காற்று வந்தது. நான் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"மேடம், எனக்குத் தெரிஞ்ச ஒரு நண்பர். தொண்டையில ஏதோ கோளாறு. பேசுனா இப்படி... காத்துதான் வருதாம். இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

கேட்டீர்களா? தன் குரல் போய்விட்டதை, போன அந்தக் குரலிலேயே, வேறொருவருக்குப் போனதாகச் சொல்கிறார். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவும் இல்லை.

"அடடா, பாவம் சார். உங்க நண்பர் எவ்வளவு பெரிய ரூம்ல கிளாஸ் எடுக்குறாரு?"

"பெரிய ஹால். கடைசி பெஞ்சு ரொம்ப தூரம்."

"டிபார்ட்மென்ட்ல சொல்லிட்டாரா?"

"சொன்னா கிளாஸைப் பிடுங்கிடுவாங்க மேடம். பரீட்சை பேப்பர் எண்ணுற ரூமுக்கு அனுப்பிடுவாங்க. அவருக்குக் கிளாஸை விட்டா வேற ஒண்ணும் தெரியாது."

சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்றை எடுத்தேன். "இதை உங்க சட்டையில மாட்டிப் பாருங்க சார், நண்பருக்குச் சரியா வருமான்னு தெரிஞ்சுக்கலாம்" என்றேன். மாட்டினார். ஒலிபெருக்கியைப் போட்டேன். பாடத்தின் முதல் வரியைச் சொன்னார். காற்றாக வந்த அந்தக் குரல் என் அறையின் நான்கு சுவரிலும் கேட்டது. அதே வரியை இன்னொருமுறை சொல்லிக் கேட்டார். பிறகு, "நண்பர் சந்தோஷப்படுவார்" என்றார்.

அதன் பிறகு பல மாலைகள் வந்தார். தலைப்புகளை முன்கூட்டியே திரைக்குத் தயாரித்தோம். மாணவர்கள் கேள்விகளைத் தட்டச்சு செய்து அனுப்பவும், அவர் திரையைப் பார்த்துப் பதில் சொல்லவும் பழகினோம். கடைசிவரை நண்பர் நண்பராகவே இருந்தார். இன்றைக்கும் வகுப்பு நடக்கிறது. கடைசி பெஞ்சு வரை கேட்கிறது. ஆசிரியர் ஏன் மெதுவாகப் பேசுகிறார் என்று மாணவர்கள் கேட்கவில்லை. கூட்டங்களில் அவர் வாய்திறக்காததை, வயதானால் பக்குவம் வந்துவிடும் என்று நீங்கள் பாராட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

யார், யார் என்று ஒருவரையொருவர் பார்க்காதீர்கள். தயவுசெய்து முன்னால் பாருங்கள்.

தலைவர் அவர்களே! இப்போது நான் கேட்கிறேன். அந்த மனிதர் உங்கள் இணையதளத்தில் பெயரைப் பதிவாரா? 'எனக்குக் குரல் போய்விட்டது, என்ன செய்ய?' என்று முகப்புத் திரையில் ஓடவிடுவாரா? பதியமாட்டார்! பதியாமல், கேட்காமல், சொல்லாமல், ஒரு நாள் வகுப்பைவிட்டு வெளியேறுவார்! கருவியைக் கொடுப்பது எளிது. கடையில் கிடைக்கிறது. கூச்சப்படாமல் கேட்க ஓர் இடத்தைக் கொடுப்பது எந்தக் கடையில் கிடைக்கிறது? மையத்தை மூடுங்கள். ஆணை போட்டாகிவிட்டது, அறையில் பழைய மேசைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள், அதற்காகச் சண்டைபோட எனக்குத் தெம்பில்லை. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பெயரைக் கேட்காதீர்கள். அந்தத் திரையை அணைத்துவிடுங்கள்.

பேச்சை இங்கே முடிப்பதாகத்தான் எழுதிவந்தேன். ஆனால் நிற்கிற களைப்பில் ஓர் உண்மையும் வருகிறது, சொல்லிவிடுகிறேன்.

நாளை காலை என்னைப் பழையபடி புள்ளியியல் துறைக்கு அனுப்புகிறார்கள். பாடம் நடத்தவேண்டும். வகுப்பில் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எந்தக் கருவியை எங்கே செருகுவது என்று எனக்குத் தெரியும். எதிரில் அறுபது முகம் உட்கார்ந்திருக்கும்போது முதல் வார்த்தையாக என்ன பேசுவது என்று மறந்துபோய்விட்டது. நேற்று வீட்டில் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். என் கணவர் கேட்டுவிட்டு, "நீ எதையோ ரிப்பேர் பண்ற மாதிரியே பேசுறே" என்றார். உங்கள் எல்லோரிடமும் நானும் ஒரு நண்பரை வைத்துக் கேட்கலாம்தான். வேண்டாம். எனக்குத்தான் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. யாராவது சொல்லித்தருவீர்களா?

என்ன? நடுவரிசையில் ஒருவர் எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார். கொஞ்சம் அமைதி, அமைதி! மின்விசிறியை நிறுத்துங்கள் ஐயா.

"மேடம்... நாளைக்கு... என் கிளாஸுக்கு வாங்க. பின்னால உக்காந்து பாருங்க. நான் சொல்லித்தரேன்."

கேட்டதா உங்களுக்கு? கேட்கவில்லை, அப்படித்தானே? எனக்குக் கேட்டது, எனக்குப் பழகிய குரல். அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். முன்பெல்லாம் போர்களைப் பற்றி அவர் பாடம் நடத்தினால் பக்கத்துக் கட்டடத்தில் கணக்கு வகுப்பு நின்றுபோகும். 'இடி' என்று அவருக்குப் பெயர் வைத்ததே நீங்கள்தான். இத்தனை நாள் உங்களிடம் மறைத்ததை, எனக்குப் பதில் சொல்வதற்காக இப்போது எழுந்து நின்று திறந்துகாட்டிவிட்டார்.

சார், வருகிறேன். முதல் ஆளாக வருகிறேன்.

தலைவர் அவர்களே, என் நேரம் முடிந்தது. சலிக்காமல் கேட்ட செவிகளுக்கும், சலித்தும் எழுந்துபோகாத கால்களுக்கும் என் நன்றி. நடுவரிசைக்கு என் வணக்கம். நான் இந்த மைக்கைக் கழற்றுகிறேன். யாராவது கொண்டுபோய் அவரிடம் கொடுங்கள். அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.