எப்சிபா அனுப்பின வரி

புருஷன் பொண்டாட்டி சண்டை போடறது தப்பில்லன்னு சொன்னேன்... உடனே சில பேர் முகத்துல என்ன ஒரு சந்தோஷம்! இருங்க. குட்டியா ஒரு கதை இருக்கு, அதையும் கேட்டுட்டுச் சந்தோஷப்படுங்க.

ஒரு கண் ஆஸ்பத்திரி. ஸ்கேன் படமெல்லாம் பக்கத்துக் கட்டடத்துல ஒரு சர்வர்ல இருக்கு. அதைப் பார்த்துக்கறது எப்சிபா. வேலைக்குப் புதுசு. நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு அந்த வாரம்தான் முடிவு. இந்தப் பக்கம் கோயில்பிள்ளை சார், சீனியர். ஆபரேஷன் வார்டுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர்ல, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒரு சிஸ்டம் போட்டிருக்கார். தேவையில்லாதது ஒண்ணுகூட உள்ள இருக்கக்கூடாதுன்னு, பார்த்துப் பார்த்து அவரே போட்டது.

இப்போ சர்வர்ல இருக்கற படம், இந்தக் கம்ப்யூட்டர்லயே இருக்கற மாதிரி தெரியணும். அதுக்கு மவுண்ட் பண்றதுன்னு பேர். எப்படி இணைக்கணும்னு சில ஆப்ஷன் சேர்த்து ஒரு வரி அடிக்கணும். எப்சிபா எழுதி அனுப்பினா. சார் அடிச்சார். ஸ்கிரீன்ல என்ன வந்துச்சு? 'பேட் ஆப்ஷன்'... அதுக்கு அப்புறமும் என்னமோ நீளமா இருந்துச்சு. சாருக்கு அந்த ரெண்டு வார்த்தையே போதும். போனைப் போட்டு, நீ கொடுத்த ஆப்ஷன் தப்புன்னார். அவ ஒண்ணை மாத்திக் கொடுத்தா... அதே பேட் ஆப்ஷன். இன்னொண்ணை எடுத்துட்டுக் கொடுத்தா... அதேதான். பழைய கம்ப்யூட்டர்ல எல்லாம் இதே வரிதானே சார் ஓடுதுன்னு அவ சொன்னது காதுல ஏறவே இல்ல. நேரா நிர்வாகி ரூமுக்குப் போய், இந்தப் பொண்ணுக்கு வேலை தெரியல, நிரந்தரம் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டார்.

கடைசியா அவ போன்ல ஒண்ணே ஒண்ணு கேட்டா... மெதுவா.

"சார்... அந்த மெசேஜை முழுசா வாசிங்க."

"எனக்கு வாசிக்கத் தெரியாதாம்மா?"

"எனக்காக வாசிங்க சார்."

வாசிச்சார். "பேட் ஆப்ஷன்... இந்த மாதிரி இணைப்புக்கு... உதவிப் புரோகிராம் ஒண்ணு... தேவைப்படலாம்..." வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கிப்போச்சு. ஏன்? அவ எழுதின ஆப்ஷனைப் புரிஞ்சுக்கறதே அந்தப் புரோகிராம்தான். மெஷினைத் தயார் பண்ணும்போது தேவையில்லன்னு அவரே அதை விட்டுட்டார். இப்போ அதைப் போட்டார். முதல்ல அவ அனுப்பின அதே வரியை, ஒரு எழுத்து மாத்தாம அடிச்சார். படம் வந்துடுச்சு.

மறுபடியும் நிர்வாகி ரூமுக்கு நடந்தார். கஷ்டமான நடைங்க அது... "தப்பு அவமேல இல்ல சார். என் மெஷின்லதான்"னு சொன்னார். எப்சிபாவுக்கு வேலை நிரந்தரமாச்சு.

இப்போ உங்ககிட்ட வர்றேன். வீட்டுல அவங்க ஒண்ணு சொல்றாங்க. நமக்குள்ள ஏறல. உடனே என்ன சொல்றோம்? உனக்குப் பேசத் தெரியலன்னு சொல்றோம். அவங்களும் பாவம், மாத்தி மாத்திச் சொல்லிப் பாக்கறாங்க... அழுதும் சொல்லிப் பாக்கறாங்க... அப்புறம் ஒருநாள், சொல்றதையே விட்டுடறாங்க. ஐயா, அவங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்லாம இருக்கலாம். அதை வாங்கிக்கற பொறுமை நம்மகிட்ட இல்லாம இருக்கலாம். யோசிச்சுப் பாத்தீங்களா?

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், "அன்னைக்கு ஏதோ சொல்ல வந்து பாதியில நிறுத்திட்டியே, அதைச் சொல்லு"ன்னு கேளுங்க... அவங்க சொல்லி முடிக்கற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க.