குழாய்ச் சத்தம்

பிள்ளைகளுக்குத் தலைவாரிவிடுவது எனக்குப் பிடித்த வேலை, சார். படப்பிடிப்பில் அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் என் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் சீப்போடு என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

மேம்பாலத்தடிப் பள்ளிக்கூடத்தில் நான் பாட்டுச் சொல்லிக்கொடுத்த கதையைத்தான் சினிமாவாக எடுத்தார்கள். என் வேடத்தில் ஒரு நடிகை. பிள்ளைகள் மட்டும் நிஜம். கடைசிப் பாட்டை அவர்களே பாட, எங்கள் வகுப்பறையிலேயே ஒலிப்பதிவு.

அவர்களில் சிட்டுவுக்கு இழுப்பு உண்டு. அவளுடைய அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒலிப்பதிவன்று காலை இன்ஹேலரை என் கையில் வைத்தாள்.

"இருமல் வந்தா உடனே குடுத்துடுங்க டீச்சர். உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

"அவ என் பொண்ணு மாதிரிம்மா. நிம்மதியா போ."

மனதாரத்தான் சொன்னேன்.

ஏழு டேக் வீணாயின. எல்லாவற்றிலும் சிட்டுவின் இருமல்.

"டீச்சர், நாம எடுக்கறது பாட்டுப் படமா, ஆஸ்பத்திரிப் படமா?" என்றார் ஒலிப்பதிவாளர். எல்லோரும் சிரித்தார்கள். சிட்டுவும் சிரித்தாள், சிரித்ததில் இன்னும் இருமினாள்.

இயக்குநர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரே டேக். சரியா வரலேன்னா வெளிப் பாடகர்களைப் பாட வெச்சுக்கலாம்."

மற்றப் பதினேழு முகங்களையும் பார்த்தேன். சிட்டுவைப் பக்கத்திலிருந்த வாத்திய அறைக்கு அழைத்துப் போனேன். சத்தம் அடங்க அதன் சுவரெல்லாம் கம்பளம் ஒட்டியிருந்தார்கள்.

"நாலே நிமிஷம், கண்ணு."

"மருந்து, டீச்சர்?"

"பாட்டு முடிஞ்சதும் தர்றேன்டா."

இன்ஹேலர் என் கைப்பையில், தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் ஒலிப்பதிவுக்கான சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

எனக்கும் ஒரு ஹெட்போன் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் சரணத்தில் தட்டல் கேட்டது. மூச்சு முட்டினால் பதறாதே, விரலால் தாளம் தட்டு, மூச்சு தானாக வரும் என்று அவளுக்கு நான்தான் பழக்கியிருந்தேன்.

"அது என்ன டீச்சர் சத்தம்?" என்று ஒலிப்பதிவாளர் சைகையால் கேட்டார்.

"தண்ணிக் குழாய்" என்று தாளில் எழுதிக் காட்டினேன்.

கடைசிச் சரணத்தில் தட்டல் நின்றது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைவசம் இருக்கட்டும் என்று இன்னொரு டேக் கேட்டார். பாடவைத்தேன். அதன் பிறகு கதவைத் திறந்தபோது சிட்டுவுக்கு மூச்சு இல்லை.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று அன்று ஸ்டேஷனில் உங்களுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். தாழ்ப்பாள் போட்டது நான்தான். மற்றவர்கள் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டில் முதல் டேக்கில்தான் உயிர் இருக்கிறது, குழாய்ச் சத்தம் பாட்டோடு ஒட்டிப் போகிறது என்று அதையே படத்தில் வைத்தார்கள். ஊரே அழுதுகொண்டு பார்க்கிறதாம்.

போன வாரம் அவளுடைய அம்மாவும் போய்ப் பார்த்திருக்கிறாள். அரங்கிலேயே எழுந்து நின்று, "இது என் பொண்ணு தட்டுறது" என்றாளாம். வீட்டில் இஸ்திரி மேசையில் சிட்டு தினமும் தட்டிப் பழகியதை அவள் கேட்டிருக்கிறாள்.

அவள் சொன்னது சரிதான். நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கடைசி வரைக்கும் தாளம் ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை. அந்த அளவுக்கு அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், சார்.