சாயங்கால பஸ் இல்லாத டீச்சர்

‘ஜூன், பள்ளி திறந்த மறுநாள், தாயில்பட்டி பஸ்’ என்று பயணச்சீட்டின் பின்புறம் குறித்து வைத்திருக்கிறேன். முன் இருக்கையில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். இளையவர் தன் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஊரில் இரண்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள்: ஒன்று ரோட்டோரம், மற்றொன்று ஊரணிக் கரையில்.

“எந்த டீச்சருக்குச் சாயங்காலம் மணியடிச்சதும் பஸ் இல்லையோ, அங்கன சேத்துரு,” என்றார் மூத்தவர்.

“என்ன மதினி, ரோட்டுப் பள்ளிக்கூடத்துல ஸ்மார்ட் கிளாஸே இருக்கு.”

“இருக்கட்டும். அங்க நாலு மணிக்கு மணியடிச்சதும் டீச்சருக எல்லாரும் பஸ் ஏறிருவாக. நீ வேலை முடிஞ்சு வர அஞ்சரை ஆயிரும். அதுவரைக்கும் பிள்ளை யாரு வீட்டு வாசல்ல நிக்கும்? ஊரணிப் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு ஆறு மணிக்குத்தான் பஸ்சு. அம்புட்டு நேரமும் பிள்ளைகளை உக்கார வச்சு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்காக.”

“ஐயையோ, அவுக ஸ்கூட்டி வாங்கப் போறாகளாம்ல!”

மூத்தவர் சற்று யோசித்தார். “வண்டிக் கடையில ஒந்தம்பிதான இருக்கான்? வண்டி வர ஒரு வருசம் ஆகும்னு சொல்லச் சொல்லு.”

“பாவம் மதினி, நல்ல டீச்சரு.”

“அப்ப ஆறு மாசம்னு சொல்லச் சொல்லு.”

“சரி, நாளைக்கே ஊரணியில சேத்துருதேன்,” என்றார் இளையவர். இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

டீச்சர் ஸ்கூட்டி வாங்கிவிட்டாரா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.