எல்லாத்துக்கும் சேருற கீபோர்டு

எல்லாத்துக்கும் சேரும்னு பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கில்ல… நானும் படிச்சேம்மா, நாலாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனவன்தான். எல்லாத்துக்கும்னா என்ன அர்த்தம்? அந்த எல்லாத்துல நான் வரமாட்டேனா? குமெர்சிந்தோ பெந்தாங்கோர் மட்டும் என்ன, கணக்குல விட்டுப்போன ஆளா?

இந்தா, இதை எடுத்து உள்ள வை. இல்ல, கெட்டுப்போகல. நல்லாத்தான் வேலை செய்யுது. எல்லாருக்கும் நல்லா வேலை செய்யுது, அதுதான் கோளாறு.

கடிகாரத்தப் பாக்காதம்மா. மத்தியானம் ஆனா ஷட்டரை இறக்கிட்டு வீட்டுல போயி ஒரு தூக்கம் போடணும், நம்ம பைசாந்தூ ஊர்ல யாருக்குத்தான் தெரியாது. ரெண்டே நிமிஷம். நீ கடைக்குப் புதுசு, மொதல்லேர்ந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும். போன வாரம் இருந்த பையன்கிட்ட பாதி சொல்லியிருந்தேன், அதுக்குள்ள வேலைய விட்டுட்டானாம்.

எங்களுது போச்சாஸ் கிளப். பந்து உருட்டுறது, வேற ஒண்ணும் இல்ல. கமிட்டியில அஞ்சு பேரு. நான் செயலாளர், பத்தொம்பது வருஷமா. கூட்டம் நடந்தா நோட்டுல எழுதுறது நான், பேனா வாங்குறது நான், பேனாவை எவனாவது தூக்கிட்டுப் போனா சண்டை போடுறதும் நான். இந்த வருஷம் மொண்டேவிடேயோவுலேர்ந்து தலைமைச் சங்கத்துக்காரன் ஒரு லெட்டர் விட்டான். இனிமே கமிட்டி ஆளுங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பேரை அவங்கவங்க மிஷின்லேர்ந்து அடிச்சு அனுப்பணுமாம். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் கெடு. பேர் வரலைன்னா அந்த ஆளு கமிட்டியிலயே இல்ல. பத்தொம்பது வருஷமாவது, செயலாளராவது.

போன்லயே அடிக்கலாமேன்னுதானே கேக்கப் போற? என் விரலைப் பாரு. நல்லாப் பாரு, கடிக்காது. முப்பத்தெட்டு வருஷம் தோல் ஆலையில ஈரத்தோல் இழுத்த விரல். கண்ணாடியில ஒரு எழுத்தைத் தொட்டா அக்கம்பக்கத்து எழுத்து நாலும் சேந்து எந்திரிச்சு வருது. எங்க தலைவி நெல்பாவுக்கு அந்தச் சின்ன எழுத்து கண்ணுக்கே தெரியாது. அதனால கிளப்புக்குப் பொதுவா, பெரிய எழுத்துப் போட்ட, வயரில்லாத கீபோர்டு ஒண்ணு வாங்கி, நாங்க சுத்தி உக்காந்து உறிஞ்சிக் குடிக்கிற மாத்தே டீக் குடுவை மாதிரியே கைக்குக் கை சுத்தவிடுறதுன்னு முடிவாச்சு. மாத்தே குடிச்சவன் அடிக்கட்டும், அடிச்சவன் பக்கத்துல குடுக்கட்டும். யோசனை யாருது? என்னுது. கடைக்கு வந்து வாங்கினது? அதுவும் நாந்தான்.

இப்ப ஒவ்வொருத்தர் கையில என்ன இருக்குன்னு கேளு. நெல்பாகிட்ட பழம் போட்ட டேப்லெட். பெரிய பீரிஸ்கிட்ட கண்ணாடி ஒடஞ்ச ஆண்ட்ராய்டு போனு. அவன் தம்பி சின்ன பீரிஸ், பேத்திக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த லேப்டாப்பைத் தூக்கிட்டு வர்றான், அதுல பாதி எழுத்தை அந்தப் புள்ள நோண்டி எடுத்திடுச்சு. அப்புறம் தெச்சேரா. அவன் கம்ப்யூட்டர்ல இருந்ததை எல்லாம் தொடைச்சுட்டு, அவன் மருமகப்பய என்னமோ ஓசியில கெடைக்கிறதைப் போட்டுக் குடுத்திருக்கான், பென்குயின் படம் வரும். என்கிட்ட நூலகத்துல கழிச்சுக்கட்டின கம்ப்யூட்டர் பொட்டி. கனம்னா கனம். கூட்டத்துக்குத் தள்ளுவண்டியில வச்சுத்தான் கொண்டுபோறேன். சிரி, பரவால்ல. தெருவே சிரிக்குது.

இந்தக் கீபோர்டுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பொத்தான் இருக்கா? மூணு மிஷினைத்தான் ஞாபகம் வச்சுக்கும். நாங்க அஞ்சு பேரு. மூணு எப்பிடி அஞ்சுக்குப் போதும்னு நெல்பா அப்பவே கேட்டா. மாத்திட்டு வாங்க, பெந்தாங்கோர்னு மரியாதையாத்தான் சொன்னா. நாந்தான் எந்திரிச்சு நின்னேன். எந்திரிச்சு ஒரு சட்டம் சொன்னேன். மாத்தே ஒரு சுத்து வர்றதுக்குள்ள எவன் மிஷின் இதோட சேருதோ அவனுக்கு இடம், சேராதவன் வெளியில. நோட்டுல நானே எழுதி நானே கையெழுத்தும் போட்டேன்.

ஏன்னா… ஏன்னா, பென்குயின்னா கொஞ்சம் சந்தேகந்தான்னு அந்தப் பழைய பையன் என்கிட்ட சொல்லியிருந்தான். சந்தேகந்தான்னா என்ன அர்த்தம்? சேராதுன்னுதானே அர்த்தம். அதை நம்பித்தான் சட்டம் போட்டேன்.

நெல்பா வெந்நீர் ஊத்திக் குடுவையை நீட்டினா, மொதல்ல யாருகிட்ட? தெச்சேராகிட்ட. அவன் ஒரு கையில குடுவை, இன்னொரு கையில பொத்தான். ஒரே அமுக்கு. பென்குயின் துள்ளிக் குதிச்சு ஒட்டிக்கிச்சு. அடுத்து நெல்பா, அடுத்து பெரிய பீரிஸ். மூணு இடமும் போச்சு. என் பொட்டி அப்பத்தான் இரைஞ்சுகிட்டு எந்திரிக்கிது. எந்திரிச்சும் புண்ணியமில்ல. காத்துல வர்றதைப் புடிக்கிற சாமானே அதுக்குள்ள கெடையாதாம். அந்தக் காலத்துல காத்துல ஒண்ணும் வரலியே, பாவம் அது என்ன பண்ணும்? சின்ன பீரிஸுக்கும் இடம் இல்லதான். ஆனா அவன் தூங்கிட்டு இருந்தான், அவனுக்கு இன்னும் விஷயமே தெரியாது.

என்னம்மா… நீயும் நெல்பா மாதிரியே பாக்குற. நீங்களே போட்ட சட்டந்தானேன்னு. ஆமா, நான் போட்டதுதான். எனக்காகவா போட்டேன்?

தெச்சேரா மேல அப்பிடி என்ன கோவம்னு கேக்கலாம் நீ. கேக்கல, சரி, சொல்றேன். முப்பத்தோரு வருஷம் ஆச்சு. மாவட்ட இறுதி ஆட்டம். நானும் அவனும் ஜோடி. கடைசிப் பந்து என்னுது. விட்டேன் பாரு, குறிக்கு வச்சிருக்கிற சின்னப் பந்துக்குப் பக்கத்துல போயி, குஞ்சைக் கோழி அணைச்ச மாதிரி உக்காந்திடுச்சு. கோப்பை எங்களுக்குத்தான்னு ஊரே எந்திரிச்சிடுச்சு. அப்ப இவன், என் ஜோடி, என் சொந்த ஜோடி, நடுவர்கிட்ட போயி என்ன சொல்றான் தெரியுமா? குமெர்சிந்தோ கால் கோட்டைத் தாண்டிடுச்சுங்க, அப்பிடிங்கிறான்.

தாண்டிச்சா இல்லியான்னா… தாண்டிச்சு. ஒரு கட்டைவிரல் அளவு தாண்டிச்சு. அதை அவனா சொல்லணும்? கண்ணு வச்சுக்கிட்டு நடுவர்னு ஒருத்தன் எதுக்கு நின்னான்? அன்னிக்குப் பேச்சை விட்டவந்தான், இன்னிக்கு வரைக்கும் அவன் முகத்தைப் பாத்துப் பேசினதில்ல. கூட்டத்துல அவனுக்கு ஏதாவது சொல்லணும்னாலும் சின்ன பீரிஸ்கிட்டதான் சொல்வேன். அவன் தூங்கிட்டு இருந்தாலும் சரி.

அதை விடு. அது பழங்கதை. நான் இப்ப நியாயத்துக்காக வந்திருக்கேன். அஞ்சு பேருன்னா அஞ்சு இடம் வேணும். பழமோ பென்குயினோ, பழசோ புதுசோ, ஒரு மனுசனையும் வெளியில நிறுத்தாத கீபோர்டா வேணும். நாலு கடை ஏறி இறங்கிட்டேன். எல்லாம் மூணு, மூணு, மூணு. அஞ்சு எங்கயும் கெடையாதுங்கிறான். உன்கிட்டயும் இருக்காது, எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன், இல்லைன்னு உன் வாயால சொல்லிட்டா நெல்பாகிட்ட போயி… எங்க போற? ஏம்மா… உள்ள போயிட்டியா? நான் பேசிட்டுத்தான் இருக்கேன், கேக்குதுல்ல?

என்னது இது?

அஞ்சா? மூணு காத்துல… சரி. ஒண்ணு இந்தக் குட்டித் துண்டைச் சொருகினா… சரி. இன்னொண்ணு வயருல. மூணும் ஒண்ணும் ஒண்ணும் அஞ்சு. ம்.

அஞ்சேதான்.

இல்ல, சந்தோஷந்தான். சந்தோஷமில்லாம என்ன. அஞ்சு பேருக்கும்னா… அவனும் உண்டு அதுல. நெல்பா, பீரிஸ் அண்ணந்தம்பி, நானு, அதோட நிக்காது. ஏம்மா, நாலு இடம் மட்டும் இருக்கிற மாதிரி செய்யமாட்டாங்களா? ஒத்தைப்படையே எதுக்கு? நாலுன்னா பாக்க லட்சணமா இருக்குமே. செய்யமாட்டாங்க… சரி, சரி.

இது என்ன, வயரு நுனியில வட்டமா, ஊசி ஊசியா? என் பொட்டிக்குப் பின்னாடி இருக்கிற ஓட்டை அச்சா இதே மாதிரிதான் இருக்கும். ஆறு ஊசி. இந்தக் காலத்துல இது எந்தக் கீபோர்டுலயும் வராதே, உனக்கு எப்பிடித் தெரிஞ்சு எடுத்துவச்ச?

நீ வைக்கலியா? பெட்டியில சீட்டு ஒட்டியிருக்கா? நான் கண்ணாடி கொண்டுவரல, நீயே படி. மெதுவா.

மறுபடி படி.

'வாஷிங்டன் தெச்சேரா. பணம் கட்டியாச்சு. பெந்தாங்கோர் பொட்டிக்கு, பின்பக்கம் வட்ட ஓட்டை, சனிக்கிழமைக்குள்ள வேணும்.'

என் பொட்டியோட பின்பக்கத்தை அவன் எப்பப் பாத்தான்? வீட்டுக்கு வந்திருக்கான். நான் இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கான். என் பொண்டாட்டி கதவைத் தொறந்துவிட்டு, பொட்டியைத் திருப்பிக் காட்டி, கேக்கு வேற வெட்டிக் குடுத்திருப்பா. செவ்வாக்கிழமை பாதி கேக்கு காணாமப் போனப்பவே கேட்டேன், எலி தின்னுடுச்சுன்னு சொன்னா.

சிரிக்காத. உனக்கு இது வெளையாட்டா இருக்கு. இதை நான் கையில வாங்கினா என்ன ஆகும், யோசிச்சியா? சனிக்கிழமை, நெல்பா முன்னாடி, பீரிஸுங்க முன்னாடி, அவன் முகத்தைப் பாத்து நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லணும். முப்பத்தோரு வருஷம்மா. ஒரு நாள் விடாம காப்பாத்திட்டு வந்திருக்கேன். அதை ஒரு ஆறு ஊசியில குத்தி எறக்கப் பாக்குறான். அன்னிக்கு உண்மையச் சொல்லி என்னைக் கவுத்தான், இன்னிக்கு உதவி செஞ்சு கவுக்குறான். இவனுக்கு வேற வேலையே இல்ல.

வாங்காம விட்டா செயலாளர் பதவி போயிடும். ஆமா. போயிடும். தெரியும்.

இரு, இரு, ஷட்டரை இறக்காத. ஒரே ஒரு கேள்வி, அதோட போயிடுறேன். உள்ள பழைய சாமான் போட்டு வைக்கிற ரூம் இருக்குமில்ல? அதுல எங்கயாவது, தூசி புடிச்சாலும் பரவால்ல, என் பொட்டிய விடப் பழசா, எந்தக் கீபோர்டைக் கொண்டுவந்தாலும் முடியாதுன்னு சொல்ற கம்ப்யூட்டர் ஒண்ணு கெடைக்குமா?