மூன்று கட்டை இறக்கி

வறுத்த கணவாய் மீன் ஆறினால் ரப்பர் ஆகிவிடும். அன்று என் கவலையெல்லாம் அதுதான். எதிரே ஹொசோகாவா சான் எழுந்து நின்று, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் குரலை உயர்த்திக்கொண்டிருந்தார்.

"அது இவாசே சானோட பாட்டும்மா. இந்தக் கடையில வேற யாரும் அதைத் தொட மாட்டோம்."

"பாட்டுல அவர் பேரு எழுதியிருக்கா?" என்றாள் அவள், மைக்கைக் கீழே வைக்காமலே.

"எழுதலை. அதனாலதான் வாயால சொல்றேன்."

ஹொசோகாவா சான் நாற்பது வருடம் தெருத்தெருவாகக் கொம்பு ஊதி டோஃபு விற்றவர். தொண்டைக்குக் கேட்கவா வேண்டும்.

நடந்ததை எழுதித் தரும்படி தெருச் சங்கத் தலைவர் கேட்டிருக்கிறார். ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்களாம். இந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன என்று முதலில் தெரிந்துகொள்கிறவள் நான்தான். என் விஷயத்தை மட்டும் மற்றவர்கள் அரைகுறையாகச் சொல்ல விடுவானேன்?

ருமோய் துறைமுகத்துக்குப் பின்னால் ரெய்கோ நடத்தும் கரோக்கே கடையில் புதன்கிழமை மதியம் எங்கள் கூட்டம். பெரும்பாலும் சோகப் பாட்டு. ஹொசோகாவா சானுக்குப் பனியில் தொலைந்த காதலி. எனக்குத் தாயைப் பிரிந்த மகள், என் தாய் தொண்ணூற்று நான்கு வயதில் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்றாலும். ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடுவது, ஒருவர் பல்செட்டை இன்னொருவர் மாட்டிக்கொள்வது போல.

இவாசே கென்சோ சான் என் பக்கத்து வீட்டுக்காரர். படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "குளியல், சோறு, படுக்கை" என்ற மூன்றே வார்த்தைகளில் இருபத்தாறு வருடக் குடித்தனத்தை நடத்தியவர். பதினோரு வருடங்களுக்கு முன் அவர் மனைவி தமாயோ ஒரு பெட்டியோடு அசஹிகாவாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் மனிதர் வாயைத் திறந்தார், அதுவும் மைக்கில். படகுத்துறையில் ஒருத்திக்காகக் காத்து நிற்கிறவனின் பாட்டு. மூன்று கட்டை இறக்கித்தான் பாடுவார். இரண்டாம் சரணத்தில் குரல் உடையும். கரோக்கே இயந்திரம் நூற்றுக்கு எழுபத்தொரு மதிப்பெண்தான் போடும். ஆனால் கடையே மூக்கைச் சிந்தும். பாடி முடித்ததும் சூடான ஈரத்துண்டை நான் நீட்டுவேன். அவருக்கும் எனக்கும் அவ்வளவுதான்.

ரெய்கோ வேறு ஏதோ சொல்லியிருப்பாள். பாட்டு எண் அழுத்தும்போது என் விரல் தவறி, வாராவாரம் ஒரே ஜோடிப் பாட்டு திரையில் வந்துவிடும். உடனே ரத்து செய்துவிடுவேன். "மறுபடியும் ஜோடிப் பாட்டா, நோமுரா அக்கா?" என்று அவள் கண்ணடிப்பாள். வயதானால் விரல் தவறும். இதில் என்ன இருக்கிறது?

ஏழு வருடங்களுக்கு முன் இவாசே சான் முழங்கால் அறுவைக்காக மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் தபாலை எடுத்து வைப்பதும் என் பொறுப்பு. தமாயோவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கெண்டி எப்படியும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆவியில் காட்டியதும் உறை வம்பு பண்ணாமல் திறந்துகொண்டது. "இனியாவது என்னோடு நாலு வார்த்தை பேசுவீர்கள் என்றால் வந்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தாள்.

அவர் வீடு திரும்பியதும் கொடுத்துவிடத்தான் இருந்தேன். ஆனால் அந்தப் புதன்கிழமை ஊன்றுகோலோடு நின்று அவர் பாடினாரே, ஹொசோகாவா சான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். மனைவி வந்துவிட்டால் இந்தப் பாட்டு என்ன ஆகும்? படகுத்துறையில் யாருக்காக நிற்பார்? பத்துப் பேருக்கு வாரம் ஒருமுறை கிடைக்கிற நல்ல அழுகையை ஒருத்தியின் மனமாற்றத்துக்காகக் கெடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பதில் இல்லாமல் ஒரு பெண்ணைக் காக்க வைப்பதும் நல்ல பழக்கமில்லை. அதனால் என் பெயரிலேயே எழுதினேன். "இவாசே சான் சுகம். உங்கள் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கண்ணைத் துடைக்க அவர் சுவர்ப்பக்கம்தான் திரும்புவார்.

அவளும் புரிந்துகொண்டாள். வரவில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை எனக்கு எழுதிக் கேட்பாள். நானும் குறை வைக்காமல் பதில் போட்டேன்: முழங்கால், செடி, என்ன பாட்டு, எத்தனை கட்டை. கொஞ்சம் பெருமையாகக்கூட எழுதியிருப்பேன்.

போன வருடக் கோடையில் வந்த கடிதத்தில் எழுத்து ஆடியது. மருத்துவமனையிலிருந்து எழுதியிருந்தாள். ஒரே ஒரு முறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். அது ஊர் விழா வாரம். மேடையில் பாட இவாசே சானைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் ஒரு மனிதரை நோயாளியின் கட்டிலருகே அனுப்ப முடியுமா? விழா முடியட்டும் என்று இருந்தேன். விழா நன்றாக நடந்தது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் வரவில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். ஹொசோகாவா சான் கொம்பு ஊதி ஓய்ந்ததும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"மூணு கட்டை இறக்கணும்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க, நோமுரா சான்? அக்கா கடைசி மாசம் முழுக்கப் படுக்கையில இதைத்தான் பாடிக்கிட்டிருந்தா. நான் அவ தங்கச்சி, நட்சுகோ."

கைப்பையிலிருந்து என் கடிதங்களை எடுத்து மேசையில் வைத்தாள், ரிப்பன் கட்டி. ரிப்பன் எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

அதுவரை தன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இவாசே சான் கத்தவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கடைசி லெட்டர்ல என்ன எழுதியிருந்தா?"

சொன்னேன். அவர் எழுந்து நட்சுகோவின் கையிலிருந்து மைக்கை வாங்கி, அடுத்தவருக்காக நாங்கள் வழக்கமாகச் செய்வதுபோலத் துடைத்து, அதன் இடத்தில் நிறுத்தினார். நான் நீட்டிய ஈரத்துண்டை வாங்கவில்லை. எதற்கும் சுவர்ப்பக்கம் திரும்பவும் இல்லை.

வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டு அசஹிகாவாவுக்குப் போனார். நட்சுகோ கணவனை இழந்தவள். இலையுதிர் காலத்தில் இருவரும் திருமணத்தைப் பதிவு செய்தார்களாம். இப்போது அவர் சாப்பாட்டு மேசையில் வாய் ஓயாமல் பேசுகிறாராம், பாடினால் குதூகலப் பாட்டாம், சுருதியே சேர்வதில்லையாம். ரெய்கோ சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் காப்பாற்றி வைத்திருந்த குரல், பாருங்கள், என்ன கதியாகிவிட்டது.

புதன்கிழமைகளில் நான் தவறாமல் போகிறேன். என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, கால் நீட்ட வசதி. என் விரல் இன்னும் அந்த ஒரே எண்ணில்தான் தவறுகிறது. இப்போது ரத்து செய்வதில்லை. பெண் பகுதியை மட்டும் பாடுகிறேன். ஆண் பகுதி வரும்போது துண்டை மடித்து வைத்துக்கொண்டு, அது முடியும்வரை காத்திருக்கிறேன்.